ட்ரூபல் தீமில் மொடியூலின் வெளியீட்டை மாற்றுவது: ஒற்றைக் கோட்டில் தொலைந்த இரண்டு இரவுகள்

உப்புவெளியில் விடுதி நடத்தும் அண்ணை ஒருவருக்கு முன்பு, இணையத்தளம் கட்டும் மென்பொருளான ட்ரூபல் 7இல் ஒரு தளம் செய்து கொடுத்திருந்தேன். புறாத்தீவுப் படகுப் பயணங்கள்தான் அதில் முக்கியம். 2025 ஜனவரி 5ஆம் திகதியோடு 7க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் 10க்கு மாற்ற வேண்டி வந்தது. பழைய தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பகுதி) இருந்த 'டெம்ப்ளேட்.பிஎச்பி' பைலைத் தூக்கிப் புதிய தீமுக்குள் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை.

7இல் வேலை சுலபம். இமேஜ் மொடியூல் (மொடியூல் என்பது ட்ரூபலில் ஒரு வசதியைச் சேர்க்கும் துண்டு) 'தீம்_இமேஜ்_ஸ்டைல்' என்ற பங்ஷனால் படத்தைப் பக்கத்தில் அச்சிடும். அதைக் கொப்பி பண்ணி, முன்னாலுள்ள 'தீம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு உங்கள் தீமின் பெயரை வைத்தால் ட்ரூபல் உங்களுடையதையே கூப்பிடும். 2015இல் 8 வந்தபோது ட்விக் டெம்ப்ளேட்டுகள் (பக்கத்தின் ஒவ்வொரு துண்டும் எப்படி வர வேண்டும் என்று எழுதியிருக்கும் பைல்கள்) வந்தன. 10இல் தீம் பங்ஷன்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். கூகுளில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இன்னொன்று. பைல் பெயர்களை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். கொப்பி பண்ணி ஒட்ட முடியாது, கையால் தட்டுங்கள். தட்டினால்தான் எந்த இடத்தில் எந்தக் கோடு (ஹைபனா, அண்டர்ஸ்கோரா) என்று மனதில் நிற்கும்.

படி 1: மாற்றம் உண்மையில் தேவையா?
'சப்மிட்டட் பை' போன்ற சொற்களைத் தமிழாக்க மட்டும் தீமைத் தொடாதீர்கள். இடைமுக மொழிபெயர்ப்புப் பக்கத்திலேயே முடியும். பெயரும் திகதியும் வரும் இடங்களையும் தமிழ் வாக்கிய ஒழுங்குக்கு ஏற்ப அங்கேயே முன்பின்னாக மாற்றலாம். அமைப்பையே மாற்ற வேண்டுமென்றால் மட்டும் கீழே போங்கள்.

படி 2: யார் அச்சிடுகிறார் என்று கண்டுபிடியுங்கள்
10.1 முதல் நிர்வாகப் பக்கத்தில், கொன்பிகரேஷனின் கீழ் டெவலப்மென்ட் செட்டிங்ஸ் இருக்கிறது. அதில் ட்விக் டெவலப்மென்ட் மோடை இயக்கிவிட்டு, பிரவுசரில் பக்கத்தின் மூல நிரலை (பேஜ் சோர்ஸ்) பாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மேலே எந்த டெம்ப்ளேட் பாவிக்கப்படுகிறது, அதற்குப் பதிலாக என்னென்ன பெயர்களில் பைல் வைக்கலாம் என்ற பட்டியல் குறிப்பாக வந்திருக்கும். இதை உங்கள் லாப்டொப்பில் செய்யுங்கள், மக்கள் பார்க்கும் சேர்வரில் வேண்டாம். நான் டிடெவ் (தளத்தை லாப்டொப்பிலேயே ஓட்டும் கருவி) பாவிக்கிறேன். ஹோஸ்டிங் பெனலில் இருக்கும் பைல் எடிட்டரில் வேலை செய்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, ஒருநாள் அவர்களே விடுவார்கள்.

படி 3: கொப்பி பண்ணிப் பெயர் மாற்றுங்கள்
மொடியூலின் போல்டரில் இருக்கும் மூலப் பைலில் கை வைக்கக் கூடாது, அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். அதைக் கொப்பி பண்ணி உங்கள் தீமின் டெம்ப்ளேட்ஸ் போல்டருக்குள் போடுங்கள்.

என் இரண்டு இரவும் போனது இங்கேதான். படகுப் பயணத்துக்கான உள்ளடக்க வகையின் இயந்திரப் பெயர் (ட்ரூபல் உள்ளே பாவிக்கும் பெயர்) 'போட்_ட்ரிப்'. ட்ரூபலில் ஒவ்வோர் உள்ளடக்கத்தையும் நோட் என்பார்கள். நான் பைலுக்கு 'நோட்-போட்-ட்ரிப்.ஹெச்டிஎம்எல்.ட்விக்' என்று பெயர் வைத்தேன். ட்ரூபல் 6 காலத்துப் பழக்கம், அப்போது நோட்டுக்குப் பின்னால் ஒற்றைக் கோடுதான். 7இலிருந்து அங்கே இரட்டைக் கோடு: 'நோட்--போட்-ட்ரிப்.ஹெச்டிஎம்எல்.ட்விக்'. ஒற்றைக் கோடு போட்டால் ட்ரூபல் அந்தப் பைலைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கேஷ் (வேகத்துக்காக ட்ரூபல் சேமித்து வைக்கும் பிரதி), அனுமதி, சேர்வர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், கோட்டைச் சந்தேகப்படவில்லை. படி 2இல் வரும் பட்டியலிலிருந்து பெயரை எழுத்துக்கு எழுத்து எடுத்திருந்தால் முதல் இரவே தூங்கியிருப்பேன்.

படி 4: கேஷைத் துடையுங்கள்
டிரஷ் (ட்ரூபலுக்குக் கட்டளை தட்டும் கருவி) இருந்தால் 'டிரஷ் சிஆர்' என்று தட்டுங்கள். புதிய பைல் போட்டதும் இதைச் செய்யாவிட்டால் ட்ரூபலுக்கு அது தெரியாது.

படி 5: தரவைத் தயார்படுத்த வேண்டுமென்றால்
படகு புறப்படும் நேரம் 'ஏஎம்' என்று வந்தது, அண்ணைக்குக் 'காலை 7 மணி' என்று வேண்டும். இந்த மாதிரி வேலையை ட்விக்கில் கட்டாமல் 'திருமலை.தீம்' பைலில் 'திருமலை_பிரீபுரோசஸ்_நோட்' என்ற பங்ஷனில் எழுதினேன். திருமலை என்பது தீமின் இயந்திரப் பெயர். பைல் பெயரில் ஹைபன், பங்ஷன் பெயரில் அண்டர்ஸ்கோர், ஏனென்றால் பிஎச்பி பங்ஷன் பெயரில் ஹைபனை ஏற்காது. வேறு தீமிலிருந்து பங்ஷனைக் கொப்பி பண்ணினால் முன்னாலுள்ள பெயரையும் மாற்றுங்கள். மாற்ற மறந்தாலும் பிழை வராது, யாரும் கூப்பிடாத பங்ஷன் சத்தம் போடாது.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவர், 'படகின் நிலையை மாற்றினாலும் பயணப் பக்கத்தில் பழையதே நிற்கிறது, கேஷைத் துடைத்தால்தான் மாறுகிறது' என்று எழுதியிருந்தார். பார்த்தால் என் தளத்திலும் அதே கோளாறு. கடல் கொந்தளித்துப் படகை நிறுத்திய நாளிலும் பக்கம் 'படகு உண்டு' என்றுதான் சொல்லியிருக்கும்!

படகு தனி நோட், பயணம் தனி நோட். பயணத்தின் டெம்ப்ளேட்டில் நான் 'நோட்' என்ற மாறி வழியாகப் படகுக்குள் நேரே கை விட்டு நிலையை எடுத்திருந்தேன். அப்படி எடுத்தால் படகின் கேஷ் டேக் (எது மாறினால் சேமித்த பிரதியைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லும் அடையாளம்) பயணப் பக்கத்தில் சேராது, படகு மாறியதும் அந்தப் பக்கத்துக்குத் தெரியவராது. திருத்தம் இதுதான்: பயண உள்ளடக்க வகையின் மேனேஜ் டிஸ்ப்ளேயில் படகுப் புலத்தை 'ரெண்டர்ட் என்டிட்டி' ஆக்கி, டெம்ப்ளேட்டில் 'கன்டென்ட்' வழியாக அந்தப் புலத்தையே அச்சிடுங்கள். படகின் தோற்றத்தை மாற்ற வேண்டுமென்றால் படகுக்கென்று இன்னொரு டெம்ப்ளேட், அதற்கும் இரட்டைக் கோடு.