பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டெப்னி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கோடையில், இங்கிலாந்தில் பழைய கார்கள் கூடும் திடல் ஒன்றில், எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் புதிதாக வாங்கியிருந்த தமிழ் இளைஞர் ஒருவர் தம் காரின் டிக்கியைத் திறந்து, உள்ளே படுத்திருந்த ஸ்டெப்னியைத் தட்டிக் காட்டி, "அண்ணா, இது ரோட்டையே பார்க்காத டயர்" என்று பெருமையாகச் சொன்னார். ஏறக்குறைய அதே சொற்களை 2009ஆம் ஆண்டில் நானும் வேறொருவரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே இரண்டாமவர் ஒருவர், இடம் அடைக்கிறது என்று ஸ்டெப்னியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, நூறு மைலுக்கு மேல் ஓட்டி வந்திருந்தார். இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். காற்றுப் பார்ப்பது, ஜாக் இருக்கிறதா என்று பார்ப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி.; ஸ்போக்ஸ் கம்பிச் சக்கரங்கள் கொண்ட திறந்த கார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி இது என்பதால், பழைய கார்ப் பழக்கத்தைப் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். தவறுகளையும் இதில்தான் தொடங்குகிறார்கள்.

எடை குறையும் என்று கழற்றி வைப்பது

என் ஸ்டெப்னியைக் குளியலறைத் தராசில் நிறுத்திப் பார்த்தபோது 16 கிலோ காட்டியது. ஒரு டன்னுக்குச் சற்றே குறைவான காரில் இந்த 16 கிலோவைக் கழித்தால் வேகம் கூடியதாக உணர்கிறேன் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. வீட்டைச் சுற்றி இருபது மைல் ஓட்டத்துக்கு அது வேண்டாம்; அதற்கு மேல் போனால் வேண்டும் என்பது என் கணக்கு. ஸ்டெப்னி வைத்திருந்தே ஆக வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் எதுவும் இல்லை. ஆனால், பஞ்சரான காரை ஏற்றிச் செல்ல வரும் வண்டியில் உங்கள் காருக்குப் பொருந்தும் சக்கரம் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

பட்டனைப் பார்த்து டயரை நம்புவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். கார் என் கைக்கு வந்தபோது அதில் இருந்த ஸ்டெப்னியின் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் வரிகள், முழுதாக இருந்தது. டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த ரப்பர் மயிர்கள்கூட உதிராமல் நின்றன. ஒருமுறை அதை டயர் கடைக்கு எடுத்துச் சென்றபோது, கடைக்காரரும் காற்றை மட்டும் நிரப்பிவிட்டு, "இது புதுசு மாதிரிதான் இருக்கிறது" என்று திருப்பித் தந்தார். நான் அதைத் திரும்பவும் டிக்கியில் கிடத்தி, நடுவில் இருக்கும் போல்ட்டை முறுக்கியபோது, டயரின் வயதைச் சொல்லும் எண் கீழ்ப்பக்கமாகப் போயிருந்தது. அந்த எண் முழுமையாக ஒரு பக்கச் சுவரில் மட்டும் அச்சாகியிருப்பது உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் வேல்ஸில், பிரெக்கனைத் தாண்டி மேற்கே செல்லும் ஏ40 சாலையில் வலப் பின்சக்கரம் பஞ்சரானது. நம்மவர்கள் நாவில் புழங்கும் 'ஸ்டெப்னி' என்ற சொல்லே வேல்ஸிலிருந்து வந்ததுதான்: லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904ஆம் ஆண்டில், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே மாட்டிக்கொள்ளும், ஆரக்கால் இல்லாத உதிரி ரிம்மைச் செய்து விற்றார்கள், இங்கிலாந்துக்காரர்கள் மறந்துவிட்ட அந்தப் பெயரை நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த ஊரின் திசையை நோக்கியே நின்றபடி, இருபது நிமிடத்தில் சக்கரத்தை மாற்றி, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியபோது எனக்கு இருந்த திருப்திக்கு அளவில்லை.

சுமார் பதினைந்து மைல் தாண்டியிருப்பேன். வேகம் மணிக்கு 50 மைல். முதலில் இருக்கைக்கு அடியில் ஒரு மெல்லிய அதிர்வு வந்தது. சாலையின் குற்றம் என்று நினைத்தேன். பிறகு, யாரோ ஈரத் துணியைக் கல்லில் அறைந்து துவைப்பது போன்ற சத்தம் ஒரு நிமிடம் தொடர்ந்தது. அதன்பின் பட்டன் பகுதி முழுவதும் கம்பி அடுக்கோடு உரிந்து, மட்கார்டை உள்ளிருந்து கிழித்துக்கொண்டு வந்தது. என் ஆண்டு வண்டிகளில் பெட்ரோல் பம்ப் வலப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், காருக்கு அடியில்தான் இருக்கிறது. உரிந்த ரப்பர் அதன் மின்கம்பியையும் அறுத்துவிட, எப்போதும் கேட்கும் டிக் டிக் ஒலி நின்று எஞ்சின் அணைந்தது. அறுந்தது பெட்ரோல் குழாயாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றிரவு படுக்கையில்தான் நினைத்துப் பார்த்தேன். தகடு வெட்டி ஒட்டி, வண்ணம் பூசி முடிக்க 1,400 பவுண்டு ஆனது. நான்கு புது டயர்களை வாங்கியிருந்தாலும் அதில் பாதிகூட ஆகியிருக்காது.

பின்னர் அந்த டயரின் சுவரைத் துடைத்துப் பார்த்தபோது '318' என்று இருந்தது. 2000ஆம் ஆண்டு முதல் இந்த எண்ணுக்கு நான்கு இலக்கங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதற்கு முன் மூன்றே இலக்கங்கள் என்பதால், 31ஆம் வாரம், எட்டில் முடியும் ஓர் ஆண்டு என்று மட்டுமே தெரியும். 1998 என்று கருணையோடு கணக்கிட்டாலும் அதற்கு வயது 11. என் ஊகம் 1988. மூன்று இலக்க எண் கொண்ட டயர் உங்களிடம் இருந்தால், அது எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்று ஆராய வேண்டியதே இல்லை. தோட்டத்தில் ஊஞ்சல் கட்டலாம்.

ஓடாத டயர் ஏன் கெடுகிறது என்று அந்த இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. காற்றிலுள்ள ஓசோனும் ஆக்சிஜனும் ரப்பரை ஓட்டத்திலும் தின்னும், ஓய்விலும் தின்னும். அதைத் தடுக்க ரப்பரில் ஒருவகை மெழுகைக் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அந்த மெழுகு மேற்பரப்புக்குக் கசிந்து காப்பாக நிற்கிறது. டிக்கியில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் டயருக்கு அந்த நெளிவு கிடைப்பதில்லை. பிரிட்டனில் 2021 பிப்ரவரி முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டயர்களைத் தடை செய்திருக்கிறார்கள். கார்களுக்கு அந்தத் தடை இல்லை என்பதை வசதியாக எடுத்துக்கொள்ளும் பழைய கார்க்காரர்களை நான் மாதம் ஒருவராகவாவது பார்க்கிறேன்.

மாட்டிப் பார்க்காமல் வைத்திருப்பது

எம்.ஜி.பி.யில் ஸ்போக்ஸ் கம்பிச் சக்கரத்துக்கு ஒரு ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), நட்டு முறுக்கும் எஃகுச் சக்கரத்துக்கு வேறு ஹப். முந்தைய உரிமையாளர் ஒருவகையிலிருந்து மற்றதற்கு மாற்றியிருந்தால், டிக்கியில் மட்டும் பழைய வகை தங்கிவிடுவது உண்டு. அதை எந்த முயற்சியாலும் மாட்ட முடியாது. முன்பக்க பிரேக்கைப் பெரிதாக்கியவர்கள், ஸ்டெப்னியின் ரிம், பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு இடத்திலும் மாட்டி, கையால் சுழற்றிப் பாருங்கள்.

செப்புச் சுத்தியலை மறப்பது

நடுவில் இரண்டு காது கொண்ட நட்டுள்ள சக்கரத்தை ஸ்பேனரால் கழற்ற முடியாது; செப்புத் தலைச் சுத்தியலால் காதில் அடித்துத்தான் கழற்ற வேண்டும். காரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மரை எதிரெதிராக இருக்கும். மேலே நிற்கும் காதைக் காரின் முன்பக்கம் நோக்கி அடித்தால் இரு பக்கமும் கழலும். சக்கரம் தரையில் இருக்கும்போதே முதல் அடியை அடித்துத் தளர்த்திவிடுங்கள். பிற்கால வண்டிகளில் காதில்லாத எண்கோண நட்டு வரும். அதற்கென்று உள்ள ஸ்பேனர் இல்லாமல் சுத்தியல் மட்டும் இருந்தால் பயனில்லை.

ஸ்போக்ஸ் சக்கரத்துக்குப் பஞ்சர் அடைக்கும் பசைப் புட்டியை நம்புவது

உள்ளே இருப்பது டியூப். கிழிந்த டியூபைப் பசை ஒட்டாது.

ரேடியலோடு பழைய கிராஸ்-பிளையை ஒரே அச்சில் மாட்டுவது

உள்நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் செல்லும் பழைய வகை டயர் கிராஸ்-பிளை; ரேடியல் இன்றைய வகை. இரண்டையும் ஒரே அச்சில் கலப்பது பிரிட்டனில் சட்டவிரோதம்.

துருப்பிடித்த இடத்தில் ஜாக் வைப்பது

கதவுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டம் உள்ளிருந்தே அரித்திருக்கும். சாலையோரத்தில் கார் உயர்வதற்குப் பதில் ஜாக் தகட்டுக்குள் ஏறுவதைப் பார்ப்பதைவிட, வீட்டில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுவது மலிவு.

ஐந்தாவது சக்கரத்தைத் தனியாக நடத்துவது

ஏ40க்குப் பிறகு நான் ஐந்து டயர்களையும் ஒரே நாளில் வாங்குகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றுகிறேன். எது எங்கே இருந்தது என்று ரிம்மின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதி வைக்கிறேன். இப்போது டிக்கியில் கிடப்பதன் எண் 1421. அந்த எண் மேலே தெரியும்படிதான் அதைக் கிடத்தியிருக்கிறேன்.