யூனிட் சர்வரின் கன்ட்ரோல் சாக்கெட்டோடு இணைய முடியவில்லையா?

வெப் அப்ளிகேஷன் சர்வரான என்ஜின்எக்ஸ் யூனிட்டை நிறுவி, அதன் கன்ட்ரோல் சாக்கெட் (கன்ஃபிகை, அதாவது அமைப்புகளை, வாங்கிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் ஃபைல்) வழியாக முதல் கன்ஃபிகை அனுப்பும்போதே கர்ல் (curl) கட்டளை 7ஆம் எண் பிழையோடு திரும்பி வருகிறதா? முதலில், கட்டளையில் யூனிக்ஸ் சாக்கெட் ஆப்ஷனைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அது விட்டுப்போனால் கர்ல் நேராக 80ஆம் போர்ட்டுக்குப் போய்விடும். கொடுத்தும் வரவில்லையென்றால் அதே கட்டளையை எஸ்ட்ரேஸ் (strace, ஒரு புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையும் அதற்கு வரும் பதிலையும் காட்டும் கருவி) வைத்து ஓட்டுங்கள், ஏனென்றால் 7 என்பது இணைப்பு கிடைக்கவில்லை என்று மட்டும்தான் சொல்லும், காரணத்தை கனெக்ட் வரியில் கெர்னல்தான் சொல்லும்.

அங்கே ‘நோ சச் ஃபைல்’ என்று இருந்தால் நீங்கள் தேடும் இடத்தில் சாக்கெட்டே இல்லை. ஓடும் புராசஸ்களைக் காட்டும் பிஎஸ் (ps) கட்டளையில் யூனிட்டின் மெயின் புராசஸ் வரியைப் பாருங்கள், கன்ட்ரோல் ஆப்ஷன் கொடுத்துத் தொடங்கியிருந்தால் பாதை அங்கேயே தெரியும், இல்லாவிட்டால் யூனிட்டி (unitd) என்ற சர்வர் புரோகிராமின் ஹெல்ப் அதன் டிஃபால்ட் பாதையைக் காட்டும். யூனிட் டாக்கருக்குள் ஓடினால் சாக்கெட்டும் கன்டெய்னருக்குள்தான் இருக்கும். நான் ஒருமுறை ஹோஸ்ட்டில் அரை நாள் தேடியிருக்கிறேன், டாக்கர் எக்ஸெக் போட்டு உள்ளே போனதும் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’ வந்தால் ஃபைல் இருக்கிறது, ஆனால் அதன் பின்னால் கேட்பதற்கு ஆள் இல்லை. பெரும்பாலும் புராசஸைக் கில் 9 போட்டு நிறுத்தியதில் பழைய ஃபைல் மட்டும் தங்கியிருக்கும். திறந்திருக்கும் சாக்கெட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் (ss) கட்டளையில் யாரும் அதில் லிசன் செய்யவில்லை என்று உறுதி செய்துகொண்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்போதும் எழவில்லையென்றால் யூனிட்டின் லாக்கைப் படியுங்கள்.

அதிகம் வருவது ‘பெர்மிஷன் டினைட்’தான், தவறான தீர்வு அதிகம் பரவியிருப்பதும் இதற்குத்தான். யூனிட் இந்த சாக்கெட்டை ரூட்டுக்கு மட்டும், 600 பெர்மிஷனில் (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்), தெரிந்தேதான் உருவாக்குகிறது. உடனே சிஎச்மாட் (chmod) 666 போட்டு எல்லோருக்கும் எழுதும் அனுமதி கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. மெயின் புராசஸ் ரூட்டாக ஓடும்போது இந்த சாக்கெட்டில் எழுத முடிந்த எவரும் தனக்குப் பிடித்த புரோகிராமை ரூட் பெயரிலேயே ஓடும் அப்ளிகேஷனாக கன்ஃபிகில் சேர்த்துவிடலாம், அதாவது மெஷினின் சாவியையே எல்லோருக்கும் கொடுத்த மாதிரி. அதோடு, ரீஸ்டார்ட் ஆனால் சாக்கெட் புதிதாக உருவாகும், நீங்கள் போட்ட 666 போய்விடும். சரி, என்ன செய்வது? கர்லை சுடோவோடு ஓட்டுங்கள், அவ்வளவுதான். வேறு மெஷினிலிருந்து வேண்டுமானால் எஸ்எஸ்எச் டனல் போடுங்கள்.

சாக்கெட்டை வேறு ஃபோல்டருக்கு மாற்றியிருந்தால் இன்னொன்றும் உண்டு: வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் உள்ளே நுழையும் அனுமதி, அதாவது எக்ஸ் பிட், இருக்க வேண்டும். அதை நேம்ஐ (namei) கட்டளை ஒரே பார்வையில் வரிசையாகக் காட்டிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் சுடோவுக்கே மறுப்பு வந்தால் எஸ்இலினக்ஸ் (SELinux) என்ற லினக்ஸ் பாதுகாப்பு அமைப்பின் ஆடிட் லாக்கைத் திறந்து பாருங்கள்.