பிஎஸ்-6 லாரியில் சைலன்சர் விளக்கு எரிந்தால் நாம் செய்யும் தவறுகள்

போன சித்திரையில் பன்னிரண்டு சக்கர வண்டி ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. நாமக்கல்லுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் ஓடுகிற வண்டி. அதற்கு முன்பே இரண்டு இடங்களில் பார்த்து, புகையில் நைட்ரஜன் ஆக்சைடை (நாக்ஸ்) அளக்கும் பின்பக்க நாக்ஸ் சென்சாரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். விளக்கு அணையவில்லை, மேட்டில் இழுவையும் இல்லை. யூரியா டேங்க் மூடியைத் திறந்து, செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 32.5 சதவீதம் காட்ட வேண்டியது 24 காட்டியது. வழியில் யூரியா தீரப்போகிறது என்று தெரிந்ததும் டிரைவர் தம்பி குடிதண்ணீரை ஊற்றிச் சமாளித்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த டேங்க் எதற்கு என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை. சென்சாரைக் கழற்றி மாட்டிய இரண்டு பேர்தான் முதலில் அந்த மூடியைத் திறந்திருக்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி கட்டாயமானது. அதற்குப் பிறகு வந்த கனரக வண்டிகளில் சைலன்சர் என்பது வெறும் சத்தம் குறைக்கும் டப்பா இல்லை. புகை முதலில் டிஓசி என்ற வினையூக்கி வழியாகப் போகிறது. அடுத்து டிபிஎஃப் என்ற வடிகட்டி கரித்தூளைப் பிடித்து வைக்கிறது. பிறகு யூரியாக் கரைசல் தெளிக்கப்பட்டு, சூட்டில் அமோனியாவாக மாறி, எஸ்சிஆர் என்ற இன்னொரு வினையூக்கிக்குள் நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. கோளாறு எங்கே பிறந்தாலும் வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிவது இந்தப் புகைக்குழாயில்தான். அதனால் அது பதியும் கோளாறுக் குறியீடான ஃபால்ட் கோடும் குழாயில் உள்ள ஏதோ ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறது. நாமும் அந்தப் பாகத்தை வாங்கி மாட்டிவிடுகிறோம். நான் பார்த்தவரை ஓனர்களின் பணம் அதிகமாக வீணாவது இங்கேதான். குழாயைத் தொடுமுன் இன்ஜின், திரவம், வயர் மூன்றையும் பார்த்து முடிக்க வேண்டும்.

ஃபால்ட் கோடை அழித்துவிட்டுத் தேடுவது

ஃபால்ட் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியதும் பலருடைய கை முதலில் போவது அழிக்கும் பட்டனுக்கு. கோடு விழுந்த நேரத்தில் வண்டி என்ன வேகம், எவ்வளவு லோடு, புகைச்சூடு எவ்வளவு என்ற பதிவு கோடோடு சேர்ந்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். கோளாறு திரும்ப வர ஒரு முழு ட்ரிப் ஆகலாம். போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு அழியுங்கள். நாலைந்து கோடுகள் சேர்ந்து இருந்தால் எது முதலில் விழுந்தது என்று பாருங்கள். யூரியா பம்ப்பில் அழுத்தம் குறைந்தால், அதைத் தொடர்ந்து எஸ்சிஆர் திறன் குறைவு என்றும் நாக்ஸ் அதிகம் என்றும் வரிசையாகக் கோடுகள் வரும். பம்ப்பைச் சரிசெய்தால் மற்றவை தாமே போகும்.

நாக்ஸ் சென்சாரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு நைட்ரஜன் ஆக்சைடையும் அமோனியாவையும் பிரித்தறியத் தெரியாது. தெளிப்பான் ஒழுகி யூரியா அதிகமாகப் போனால், மிஞ்சும் அமோனியாவையும் அது நாக்ஸ் என்றே எண்ணும். ‘பின்பக்கம் நாக்ஸ் அதிகம்’ என்ற கோடு யூரியா குறைவாகப் போனாலும் வரும், கூடப் போனாலும் வரும். ஸ்கேனர் வழியே தெளிப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். தெளிப்பு நின்றதும் ரீடிங் இறங்கினால் சென்சார் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

யூரியாவை நம்புவது

ரிஃப்ராக்டோமீட்டர் பெரிய விலை இல்லை, ஒவ்வொரு பட்டறையிலும் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 22241 தரத்தின்படி செறிவு 31.8-க்கும் 33.2-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கருவி செறிவை மட்டும்தான் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. வயலுக்குப் போடும் யூரியாவை வாளியில் கரைத்து ஊற்றினாலும் 32.5 காட்டவைக்க முடியும். அந்த யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது. கரைக்கும் போர் தண்ணீரில் கால்சியமும் உப்பும் இருக்கின்றன. அவை தெளிப்பான் துளையை அடைக்கும். எஸ்சிஆர் பூச்சில் படிந்து அதன் வேலையைக் கெடுக்கும். பிறகு எந்தச் சென்சாரை மாற்றினாலும் அது திரும்பாது. மானிய யூரியாவை வேறு தொழிலுக்குத் திருப்புவது சட்டப்படியும் குற்றம். அதனால் விலை பாதியாக இருக்கும் கேனைப் பார்த்தால் வாங்காதீர்கள்.

நல்ல கேனும் நம் ஊர் வெயிலில் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. 25 டிகிரியில் வைத்தால் 18 மாதம் தாங்கும், 30 டிகிரியில் 12 மாதம், 35 டிகிரியில் 6 மாதம்தான். தகரக் கொட்டகைக்குள்ளும் கேபின் மேலேயும் கிடக்கும் கேன் மே மாதத்தில் எத்தனை டிகிரியில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கேன்களை நிழலில் வையுங்கள். கேன் மேல் உள்ள தேதியைப் பார்த்துப் பழையதை முதலில் எடுங்கள். இன்ஜின் ஆயில் ஊற்றிய புனலை யூரியா டேங்கில் வைக்கவே வைக்காதீர்கள்.

எவ்வளவு செலவாகிறது என்பதே ஒரு நல்ல சோதனை. பெரும்பாலான வண்டிகளில் டீசலில் சுமார் 4 முதல் 6 சதவீதம் யூரியா போகும். 400 லிட்டர் டீசல் ஓடினால் 16 முதல் 24 லிட்டர். ஐந்து லிட்டர்தான் ஆகியிருக்கிறது என்றால் தெளிப்பான் அடைத்திருக்கிறது. இரண்டு மடங்கு ஆகிறது என்றால் ஒழுகல் இருக்கிறது, அல்லது இன்ஜினே அளவுக்கு மீறி நாக்ஸ் தள்ளுகிறது. டிரைவர் அண்ணன் நோட்டில் டீசலோடு யூரியாவையும் எழுதிவந்தால் ஸ்கேனர் மாட்டுமுன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்ஜினை நிறுத்தியதும் பேட்டரி சுவிட்சை அணைப்பது

இந்தப் பழக்கம் நல்ல எண்ணத்தில் வந்தது. ஹால்ட் போட்டால் பேட்டரி இறங்கக் கூடாது, வயர் உரசித் தீப்பிடிக்கக் கூடாது என்று பழைய டிரைவர்கள் கற்றுக்கொடுத்தது. பிஎஸ்-6 வண்டியில் இன்ஜின் நின்ற பிறகும் யூரியா பம்ப் கொஞ்ச நேரம் ஓடி, குழாயிலும் தெளிப்பானிலும் மிச்சம் இருப்பதை வெளியேற்றும். காதைக் கொடுத்தால் அந்தச் சத்தம் கேட்கும். வண்டியைப் பொறுத்து ஒரு நிமிடமோ சில நிமிடங்களோ ஆகும். அதற்குள் கட்-ஆஃப் சுவிட்சைத் திருகினால் மிச்சம் அங்கேயே நின்று, சூட்டில் தண்ணீர் வற்றி, வெள்ளைக் கட்டியாக இறுகிவிடும். ஒரு நாள் செய்தால் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் செய்தால் தெளிப்பான் போய்விடும், பிறகு பம்ப்பும் போகும். பம்ப் சத்தம் நிற்கும்வரை காத்திருங்கள் என்று ஒரு ஸ்டிக்கர் அடித்து அந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

புதிதாகப் படிந்த வெள்ளைப் படிகம் வெந்நீரில் கரையும். ஆணி, ஸ்க்ரூடிரைவர் வைத்துச் சுரண்டினால் தெளிப்பான் துளையின் வடிவம் கெடும். வயரை இணைக்கும் கப்லரையும் கழற்றிப் பாருங்கள். யூரியா செம்பு வயரோடு ஊர்ந்து உள்ளே போகும். கப்லரின் உள்ளே இருக்கும் பின்களில் வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் கோளாறு வயரிங்கில்தான் இருக்கிறது.

காரணம் தேடாமல் ரீஜென் போட்டுக்கொண்டே இருப்பது

புகையில் டீசலை விட்டுச் சூடேற்றி, டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிப்பதுதான் ரீஜென். டிபிஎஃப் விளக்கு எரிந்ததும் நிறுத்தி வைத்து ரீஜென், இரண்டு நாளில் மறுபடியும் ரீஜென். இப்படி நாலு முறை போட்டுவிட்டு ‘டிபிஎஃப் போச்சு’ என்று ஓனருக்கு போன் போகிறது. கரித்தூள் ஏன் இவ்வளவு சீக்கிரம் சேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இன்டர்கூலர் ஹோஸில் ஒரு வெடிப்பு, ஒழுகும் இன்ஜெக்டர், அடைத்த ஏர் ஃபில்டர், டர்போவில் இருந்து வரும் ஆயில், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்பும் ஈஜிஆர் வால்வு பாதியில் சிக்கியது, இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். பயோடீசல் என்ற பெயரில் மலிவாக விற்கும் எண்ணெயும் இருக்கலாம். இரவு முழுக்க ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும், துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்பதும் இதே வேலையைச் செய்கின்றன. சூடு ஏறாத புகையில் கரி எரியாது.

நான் முதலில் பார்ப்பது டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கும் பிரஷர் சென்சாரைத்தான். சாவி ஆன், இன்ஜின் ஆஃப் என்ற நிலையில் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டிபிஎஃப் மேல் பழி போடாதீர்கள். சென்சாருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களில் ஒன்று வெந்திருக்கும், தண்ணீர் தேங்கியிருக்கும், அல்லது போன முறை யாரோ இடம் மாற்றி மாட்டியிருப்பார்கள். அடுத்து, ரீஜென் நடக்கும்போது டிஓசிக்கு முன்னும் பின்னும் சூட்டைப் பாருங்கள். நுழையும் புகை 300 டிகிரிக்கு வந்தும் வெளியே வருவது 550, 600 என்று ஏறவில்லையா? அப்படியானால் டீசல் அங்கே எரியவில்லை, டிஓசி முகம் அடைத்திருக்கலாம். ரீஜென் பலமுறை நடந்த வண்டியில் டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். எரியாத டீசல் ஆயிலில் இறங்கி மட்டம் கூடியிருந்தால் ஆயிலை உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் பேரிங் போய்விடும்.

எண்ணெய்க் கிடங்குக்குள் போகும்போது ரீஜென் நடக்காமல் இருக்கத் தடை சுவிட்ச் ஒன்று இருக்கிறது. போட்டவர்கள் வெளியே வந்ததும் எடுக்க மறந்துவிடுகிறார்கள். அந்த சுவிட்ச் ஆனிலேயே இருந்ததால் அடைத்த டிபிஎஃப்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தி வைத்துப் போடும் ரீஜெனில் உள்ளே 600 டிகிரி வரை போகும். காய்ந்த புல், வைக்கோல், தார்ப்பாய்க்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

ரீஜெனில் கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் வருவது இன்ஜின் ஆயிலில் இருந்து. அதனால்தான் கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் குறைந்த சாம்பல் ரக ஆயிலையே ஊற்றச் சொல்கிறோம். சாம்பல் நிறைந்துவிட்டால் கழற்றி, அதற்கான எந்திரத்தில்தான் சுத்தம் செய்ய வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை உள்ளே விட்டாலோ ஆசிட் ஊற்றினாலோ பூச்சு பெயர்ந்துவிடும், உள்ளே சுவர் உடையும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போட்டுப் பாருங்கள். உடைந்ததா என்று அறிய, ஆறிய பிறகு சைலன்சர் முனையில் விரலை விட்டுத் தேயுங்கள். நல்ல டிபிஎஃப் உள்ள வண்டியில் விரல் கறுக்காது.

யூரியா ஒழுங்காகப் போவதாகக் கம்ப்யூட்டரை ஏமாற்றும் எமுலேட்டரை மாட்டச் சொல்லி இப்போதும் சில ஓனர்கள் கேட்கிறார்கள். நான் மாட்டித் தருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதை அனுமதிக்கவில்லை. அந்த நச்சுக்காற்றை முதலில் மூச்சில் இழுப்பது லோடு ஏற்றுகிறவரும் பக்கத்துக் கடைக்காரரும்தான்.

யூரியா டேங்கில் தவறி டீசலை ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். சாவி ஆன் ஆனதும் பம்ப் எழுந்து டீசலை இழுக்கும், உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். அங்கேயே வடித்து, டேங்கைக் கழுவி, வடிகட்டியை மாற்றினால் பிழைத்துவிடலாம். நூறு மீட்டர் தள்ளி ஓரமாக நிறுத்தலாம் என்று ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப், குழாய், தெளிப்பான் மூன்றையும் மாற்ற வேண்டிவரும்.