பழைய ஏழு சீட்டர்: கடைசி வரிசையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

பழைய கார் பார்க்கப் போனதும் எல்லோரும் பானட்டைத்தான் திறக்கச் சொல்வார்கள். ஏழு சீட்டர் வண்டிக்கு முதலில் திறக்க வேண்டியது டிக்கிக் கதவு. கடைசி வரிசையில் ஆள் நிம்மதியாக உட்கார முடியாது என்றால், அந்த இரண்டு இருக்கைக்காகக் கொடுக்கும் கூடுதல் விலையும் அதிக எரிபொருள் செலவும் வீண். தவிர, இந்த வகை வண்டியின் தேய்மானம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். ஸ்பிரிங், பின் ஏசி, சீட் மடக்கும் கொக்கி எதுவும் பானட்டைத் திறந்தால் தெரியாது.

அதற்கு முன், ஏழு பேர் உண்மையில் எத்தனை முறை ஏறப்போகிறார்கள் என்று கணக்குப் போடுங்கள். எப்போதாவது இரண்டு சிறுவர்களை ஏற்றத்தான் என்றால் சிறிய வண்டியே போதும். பெரியவர்கள் வாரம்தோறும் உட்கார்வார்கள் என்றால், தாழ்ந்த தளமும் நீளமான உடலும் கொண்ட எம்பிவி வகைதான் சரி. தனி இரும்புச் சட்டத்தின் (சேஸிஸ்) மேல் உடலைப் பொருத்திய எஸ்யூவிகளில் கடைசி வரிசையின் தரை உயரமாக இருக்கும், முழங்கால் நெஞ்சுக்கு வரும்.

உட்கார்ந்து பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையை நீங்கள் ஓட்டும் நிலையில் வையுங்கள். அதன் பின்னால் நீங்களே உட்கார்ந்து, முழங்காலுக்கு முன் மூன்று விரல் இடம் இருக்கும்படி நடு வரிசையை நகர்த்துங்கள். அதை அப்படியே விட்டுவிட்டு, கடைசி வரிசைக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். தொடைக்கும் மெத்தைக்கும் நடுவே கை நுழைகிறதா? அப்படியென்றால் மொத்த எடையும் இடுப்பில் இறங்குகிறது, அரை மணி நேரப் பயணத்திலேயே வலி தொடங்கிவிடும். தலையணையை உயர்த்தினால் அது காதின் மேல்முனை வரைக்குமாவது வர வேண்டும்.

குழந்தை இருக்கை வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு எடுத்துப் போங்கள். பல வண்டிகளில் நடு சீட்டைக் கவிழ்த்தால்தான் பின்னால் ஏற வழி. குழந்தை இருக்கை அதில் மாட்டியிருந்தால் கவிழ்க்க முடியாது, கடைசி வரிசைக்குப் போகும் பாதையே அடைபடும். அது எந்தப் பக்கம் வரும், மறுபக்கம் வழி இருக்கிறதா என்று மாட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி வரிசை வரை நீள்கிறதா என்பதையும் வண்டியின் கையேட்டில் பாருங்கள். இரண்டாம் வரிசையோடு நின்றுவிடும் மாடல்கள் உண்டு.

ஏழு சீட் பெல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத இடம் அதுதான். சுருளுக்குள்ளேயே இருக்கும் கடைசி ஒரு முழத்தில் பழுப்புக் கறையோ மண்துகளோ பூஞ்சை வாடையோ இருந்தால், வண்டி வெள்ளத்தில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், வயரிங் கோளாறு ஆண்டுக்கணக்கில் துரத்தும். பெல்ட்டின் அடியில் தயாரிப்புத் தேதி அச்சிட்ட சீட்டு இருந்தால் அதையும் படியுங்கள். வண்டியைவிட பெல்ட் புதியது என்றால், எதனால் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். விபத்தாக இருக்கலாம்.

எடைக் கணக்கு பலர் கவனிக்காத விஷயம். ஆளுக்கு 70 கிலோ என்றால் ஏழு பேர் 490 கிலோ. ஆளுக்கு 10 கிலோ பை சேர்த்தால் 560. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். 560 கிலோ தாங்காத ஏழு சீட்டர்களும் இருக்கின்றன. கூரையில் ஏற்றும் சுமையும் இதற்குள்ளேதான் அடங்கும், தனி ஒதுக்கீடு கிடையாது.

இந்தச் சுமையை ஆண்டுக்கணக்கில் தாங்கிய ஸ்பிரிங்குகளை அளந்தே பார்த்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே உள்ள வளைவு விளிம்பு வரை இரு பக்கமும் டேப் வைத்து அளங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உடைந்தும் இருக்கலாம். பின் மூலையை அழுத்தி விடுங்கள். மேலே வந்து அடங்க வேண்டும், இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்தாண்டு தாண்டிய டயர் கழிவுதான். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள், பல ஏழு சீட்டர்களில் அது அடிப்பகுதியில் தொங்கும், இறக்கும் சங்கிலி துருப்பிடித்து இறுகியிருக்கலாம்.

பின் ஏசி பல வண்டிகளில் காற்றைக் குளிர்விக்கும் தனி எவாப்ரேட்டருடன் வரும். அதற்கான குழாய்கள் தரைக்கு அடியில் ஓடுவதால் கல்லடியும் துருவும் படும். பத்து நிமிடம் ஓடவிட்டு, பின் புளோயரை முழு வேகத்தில் வைத்து ஒவ்வொரு துளையிலும் கை வைத்துப் பாருங்கள். முன்னால் குளிர்ந்து பின்னால் வெறும் காற்று வந்தால், 'கேஸ் அடித்தால் சரியாகிவிடும்' என்ற பதிலை ஏற்காதீர்கள். அடியில் குழாய் மூட்டில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் அங்கேதான் கசிவு. பாகத்தின் விலையைவிட, சீட்டையும் பக்கப் பலகைகளையும் கழற்றும் கூலி அதிகமாகிவிடும்.

இப்போது பானட். இதை மட்டும் ஏசியை ஓடவிடும் முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும், நீங்கள் வரும் முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாடையோடு வரும் வெள்ளைப் புகை, கூலன்ட் எஞ்சினுக்குள் போவதைக் காட்டும். வால்வுகளை பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் கிலோமீட்டருக்கும் வயதுக்கும் தனித்தனி வரம்பு கையேட்டில் இருக்கும். மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கொண்டு விலை பேசுங்கள். அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி, எஞ்சின் வேலை முழுதாக வந்துவிடும்.

துகள் வடிகட்டி (புகையில் உள்ள கரியைப் பிடித்து வைக்கும் பாகம்) உள்ள டீசல் வண்டி, தினமும் சில கிலோமீட்டர் மட்டும் ஓடும் குடும்பத்துக்கு ஒத்துவராது. சேர்ந்த கரியை எரிக்க நீண்ட, சீரான ஓட்டம் தேவை. எரிப்பு பாதியில் நின்றால் டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் அளவு மேல்கோட்டையும் தாண்டியிருந்து, முகர்ந்தால் டீசல் வாடை வந்தால் இதுதான் காரணம்.

வாடகைக்கு ஓடிய வண்டிகள் இந்த வகையில் நிறைய வரும். மீட்டர் குறைவாகக் காட்டலாம், ஆனால் நடு வரிசைக் கதவின் கைப்பிடியும் படி விளிம்பும் பொய் சொல்லாது. ஓட்டுநர் பக்கத்தைவிட அவை அதிகம் தேய்ந்திருந்தால் பயணிகள் நிறையப் பேர் ஏறி இறங்கிய வண்டி. வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டும்போது பிழைகள் இல்லை என்று வந்தாலும், அந்தக் கணினியின் சுய சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், பிழைகளைச் சமீபத்தில் அழித்திருக்கலாம் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓட்டிய பின் மறுபடி ஸ்கேன் செய்யக் கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது கண்டிப்பாக ஆட்களோடு போங்கள். ஏழு பேர் கிடைக்காவிட்டால் ஐந்து பேராவது, அதில் இருவர் கடைசி வரிசையில். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. தனி ஆளாக ஓட்டினால் இது எளிதில் தெரியாது. ஆட்டோமேட்டிக் என்றால், குளிர்ந்த எஞ்சினில் ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது இரண்டு நொடி தாமதமோ பலமான அதிர்வோ இருக்கக் கூடாது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் 'டொக்' என்று கேட்டால் ஸ்பிரிங் அடி தட்டுவதாக இருக்கலாம்.

சேஸிஸ் எண் எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள், அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வராது. உடலில் பொறித்ததும் தகட்டில் உள்ளதும் பதிவுச் சான்றில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். கடன் பாக்கி இருக்கிறதா என்பதை, விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் பதிவேட்டிலேயே பாருங்கள்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் விலையிலேயே போட்டுவிடாதீர்கள், பத்தில் ஒரு பங்காவது முதல் மாதச் செலவுக்கு நிற்கட்டும். எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டர்களும் முதலில். பிறகு கதவுச் சட்டத்தில் உள்ள சீட்டைப் பாருங்கள். முழுச் சுமைக்குத் தனிக் காற்றழுத்தம் எழுதியிருந்தால், ஏழு பேர் ஏறும் நாளில் டயர் சூடாகும் முன்பே அந்த அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள்.