மலையில் பெரிய மீன் தொட்டி: எந்த மீனோடு எந்த மீனைச் சேர்க்கக் கூடாது?

ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி கட்டினால் ஏறக்குறைய 560 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அது வெறும் தண்ணீராக நிற்கும்போது, எதை வேண்டுமானாலும் விடலாம் என்றுதான் தோன்றும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் இருக்கிறவர்கள் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ இறங்கி, கண்ணுக்குப் பிடித்த மீனையெல்லாம் ஒரே நாளில் வாங்கி ஏறுகிறார்கள். பாதித் தவறு அந்த ஒரு நாளிலேயே நடந்துவிடுகிறது.

“இது அதைக் கடிக்குமா?” என்று கடையில் எல்லோரும் கேட்கிறோம். மலையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவை எல்லாம் ஒரே சூட்டில் வாழுமா?

டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். ஏஞ்சலுக்கு 24க்குக் குறையக் கூடாது. கோல்டு ஃபிஷ்ஷோ 18 முதல் 22 டிகிரியில்தான் சுகமாக இருக்கும். சமவெளியில் தண்ணீர் பெரும்பாலும் 26, 27 டிகிரியில் கிடப்பதால், ஏஞ்சலும் கோல்டு ஃபிஷ்ஷும் ஒரே தொட்டியில் கொஞ்ச நாள் ஓட்டிவிடும். அதைப் பார்த்த கடைக்காரர் “ரெண்டும் சேரும் சார்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் ஊர்த் தண்ணீரைச் சொல்கிறார். ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் நூறு வருஷத்துக்கும் முன்பே டிரவுட் மீன் முட்டைகளைக் குஞ்சு பொரிக்க வைக்கும் பண்ணை வந்துவிட்டது. குளிர்நாட்டு டிரவுட் பிழைக்கிற மலை இது. நம் குழாயில் வருவதும் இந்த மலைத் தண்ணீர்தான்.

ஹீட்டர் போட்டால் தீர்ந்தது என்று நானும் நினைத்தேன். கோத்தகிரி வீட்டில் 300 வாட் ஹீட்டர் இரண்டு போட்டு, கிளவுன் லோச் ஏழும் ரோஸி பார்ப் பத்தும் ஒன்றாக விட்டிருந்தேன். ஒரு நவம்பர் மழையில் மரம் விழுந்து ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. 27ல் இருந்த தண்ணீர் மறுநாள் காலை 21. ரோஸி பார்ப் வழக்கம்போல் கண்ணாடியோரம் வந்து தீனி கேட்டது. லோச் ஏழும் மரக்கட்டைக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. மூன்றாம் நாள் அவற்றின் உடம்பில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி நோய். ஐந்து போய்விட்டன. அந்த லோச்சை ரோஸி பார்ப் ஒரு தடவைகூடக் கடித்ததில்லை. சண்டை போடாத மீன்கள்தான், ஆனால் சேர்க்கக் கூடாத மீன்கள்.

இன்னொரு விஷயம் மலைக்கே உரியது. ஊட்டி உயரத்தில், அதாவது 2,200 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். குளிர்ந்த தண்ணீர் ஆக்சிஜனைக் கூடுதலாகப் பிடித்து அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். நாமோ அதை 28 டிகிரிக்குச் சூடேற்றி அந்த ஈட்டையும் இல்லாமல் ஆக்குகிறோம். ஆகவே சென்னைத் தொட்டிக்குச் சொன்ன மீன் எண்ணிக்கையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் நாலில் ஒரு பங்கு குறைத்துத்தான் விடுகிறேன், ஏர் பம்ப்பை இரவிலும் நிறுத்துவதில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி இல்லை, மூச்சுத் திணறல்.

அப்புறம் வளர்ச்சி. விரல் நீளத்தில் ‘ஷார்க்’ என்று விற்கும் பங்காசியஸ் ஆற்றில் ஒரு மீட்டரைத் தாண்டும் மீன். ஐந்தடித் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது. சில்வர் ஷார்க் ஓரடிக்கு வரும். பாசி தின்னும் என்று வாங்கும் டேங்க் கிளீனரும் ஓரடியைத் தாண்டும், அதன் கழிவைத் துடைக்க உங்களுக்குத்தான் வேலை கூடும். வளர்ந்த பிறகு ஏரியிலோ ஓடையிலோ கொண்டுபோய் விடுவது பெரிய கேடு. அங்கே இருக்கும் நம் ஊர் மீன்களின் இடத்தை இது பிடித்துக்கொள்ளும்.

வாய்க்குள் அடங்குவதை மீன் தின்னும், அதில் குணம் பார்க்க வேண்டியதில்லை. வளர்ந்த ஏஞ்சல் நியான் டெட்ராவை ராத்திரியில் ஒவ்வொன்றாக முடித்துவிடும். டைகர் பார்ப்பை இரண்டு மூன்று மட்டும் வாங்கினால் மற்ற மீன்களின் நீண்ட துடுப்புகளைக் கொத்திக் கிழிக்கும், பத்துப் பன்னிரண்டாக விட்டால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். சண்டைக்கார ஃபிளவர்ஹார்னுக்குத் துணை தேடவே வேண்டாம், தனியாக விடுங்கள்.

தண்ணீரின் தன்மையையும் ஒரு பரிசோதனைக் குப்பி வாங்கிப் பார்த்துவிடுங்கள். மலை ஓடைத் தண்ணீரில் தாது உப்புகள் குறைவு. டெட்ராவுக்கும் ஏஞ்சலுக்கும் அது ஒத்துவரும். மாலிக்கும் ஆப்பிரிக்க சிக்லிட்டுக்கும் அந்த உப்புகள் கூடிய கடினத் தண்ணீர் வேண்டும், இங்கே அவை வாடும்.

சரி, எதைத்தான் விடுவது? என்னைக் கேட்டால் மலைக்கு ஏற்ற கூட்டம் ரோஸி பார்ப், ஜீப்ரா டேனியோ, மிஸ் கேரளா. மூன்றும் 20 முதல் 23 டிகிரியில் நன்றாக இருக்கும், ஓடுகிற தண்ணீரை விரும்பும். தண்ணீர் 20க்குக் கீழே போகாமல் ஹீட்டர் பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் இவை ஓரிரு நாள் தாங்கும். மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன், அரை அடி வரை வளரும், துள்ளும், அதனால் மூடி அவசியம். ஆற்றில் பிடித்தே அருகிப்போன இனம் என்பதால் பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு, ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள். கோல்டு ஃபிஷ்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே தொட்டியைக் கொடுத்துவிடுவது நல்லது.

வாங்கினாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். கழிவை முறிக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளர வெதுவெதுப்பான தண்ணீரிலேயே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், குளிரில் இன்னும் தாமதம். முதலில் டேனியோ ஆறு. அவை இரண்டு மூன்று வாரம் நிம்மதியாகத் தின்று திரிந்தால் ரோஸி பார்ப். பெரிதாகவும் துறுதுறுப்பாகவும் இருக்கும் மிஸ் கேரளாவைக் கடைசியில் விடுங்கள், சின்ன மீன்கள் அதற்குள் தங்களுக்கு ஒரு மூலையைப் பிடித்துவைத்திருக்கும்.