கொழும்பிலிருந்து கொட்டியாரக் குடாவுக்கு: மகாவலியோடு தனியாக ஒரு சைக்கிள் பயணம்

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. அதன் கரையோடு ஒட்டிப் போகும் ஒரே வீதி என்று எதுவும் கிடையாது. கம்பளையில் ஆறு கூடவே வரும். மன்னம்பிட்டியைத் தாண்டினால் ஒரு நாள் முழுக்கக் கண்ணில் படாது. கொழும்பிலிருந்து களனி கங்கையோடு ஏறி, ஹட்டனில் நீர்ப்பிரிப்பைக் கடந்து, மகாவலியோடு இறங்கினால் மொத்தம் 550 கிலோமீற்றர் அளவில் வரும். ஒன்பது நாள் ஓட்டம், ஒரு நாள் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையில் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கால்கள் முடிவு செய்வதில்லை. மலையில் பிற்பகல் மழை முடிவு செய்யும், சமவெளியில் யானையும் வெயிலும் முடிவு செய்யும். தனியாகப் போகிறவர் கிலோமீற்றரை விட்டு மணிக்கூட்டைப் பார்த்துத் திட்டம் போடவேண்டும்.

எப்போது

பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடிவு வரை சிறந்த காலம். ஆற்றின் மேற்பகுதிக்குத் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. கீழ்ப்பகுதிக்கு வடகீழ் பருவமழை டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி இதுதான். மார்ச்சிலும் மலையில் பின்னேரம் இடியோடு மழை வரும் என்பதால், அங்கே பகல் ஒரு மணிக்கு முன் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் போகவே வேண்டாம்: மேலே மண்சரிவு, கீழே வெள்ளம். வெள்ளம் வந்தால் மன்னம்பிட்டிக்கும் வெலிக்கந்தைக்கும் இடையிலும், வெருகல், மூதூர் பக்கத்திலும் வீதியே நீருக்குள் போய்விடும்.

ஜூலையில் போகிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. கிழக்குப் பகுதியில், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகில் தள்ளும். ஆனால் அந்தக் காற்று அனல். மேற்பகுதியிலோ அப்போது மழை. வாடை வீசும் மாதங்களில் அதே வீதியில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டவேண்டும்.

சைக்கிள்

26 அங்குல மலைச்சைக்கிள் போதும். கார்பன் சட்டமும் மெல்லிய டயரும் கொழும்பு காலிமுகத்திடலுக்குச் சரி. தெஹியத்தகண்டியில் அதற்கு டியூப் கிடைக்காது. 26 அங்குலச் சில்லுக்கு எந்தச் சிறு நகரத்திலும் டியூப் உண்டு. 700 அளவுச் சில்லு வைத்திருப்பவர் டியூப் மூன்றும் மடிக்கக்கூடிய டயர் ஒன்றும் கொழும்பிலேயே வாங்கிக் கொள்ளவேண்டும். டாம் வீதிக் கடைகளில் தேடினால் உதிரிப்பாகம் பெரும்பாலும் அகப்படும்.

வால்வைக் கவனியுங்கள். கார், மோட்டார் சைக்கிள் டயரில் இருக்கும் தடித்த வால்வுக்கு எந்தக் கராஜிலும் காற்று அடிப்பார்கள். மெல்லிய பிரெஞ்சு வால்வுக்கு அடிக்கமாட்டார்கள். அதற்குத் திருகிப் பூட்டும் சின்னப் பித்தளை மாற்றி இரண்டு தேவை. ஒன்றை வால்விலேயே பூட்டி வையுங்கள், மற்றது பைக்குள் இருக்கட்டும்.

கியரில், முன்னே சிறிய பல்சக்கரம் 24 பல் அல்லது அதற்குக் கீழே, பின்னே பெரியது 34 பல் இருந்தால் ஹட்டன் ஏற்றத்தைச் சாமானோடு உட்கார்ந்தபடியே ஏறலாம். முன்னே 38 பல்லோடு போனால் கினிகத்தேனைக்கு முன்பே இறங்கித் தள்ளவேண்டி வரும்.

சாமான் 12 கிலோவைத் தாண்டக்கூடாது, தண்ணீர் தனி. எல்லாவற்றையும் பின் கெரியரில் ஏற்றுவதுதான் பலர் செய்யும் பிழை. பின் சில்லில் செயின் பக்கத்துக் கம்பிகள் ஏற்கெனவே அதிக இறுக்கத்தில் இருப்பவை. பாரம் கூடும்போது முதலில் முறிவதும் அவைதான். கருவிப்பெட்டி, உணவு, தண்ணீர் ஆகிய கனமானவற்றை முன்னால் அல்லது சட்டத்தின் நடுவில் கட்டுங்கள். 70 கிலோ ஆள், 12 கிலோ சாமான், 1.95 அங்குல டயர் என்றால் பின்னுக்கு 50 பி.எஸ்.ஐ., முன்னுக்கு 40 நல்ல தொடக்கம். கெரியர் போல்ட்டுகளின் மரையில் ஒரு துளி நகப்பூச்சு தடவி இறுக்கினால் குலுக்கலில் கழராது. ஆனாலும் தினமும் காலையில் கையால் அசைத்துப் பாருங்கள்.

கருவிகள்: அலன் சாவித் தொகுதி, செயின் கழற்றி, செயின் இணைப்பு ஒன்று, டயர் நெம்பி இரண்டு, பம்ப், ஒட்டுத் துண்டுகளும் சொலூஷனும், பிரேக் கட்டை ஒரு சோடி, பிரேக் கேபிள், கியர் கேபிள், பிளாஸ்டிக் கட்டு பத்து, உங்கள் சில்லுக்குச் சரியான நீளத்தில் கம்பி மூன்று. அந்தக் கம்பிகளைச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். செயின் பக்கத்துக் கம்பியை மாற்றப் பின் பல்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டும். அதற்கான சாவி கிராமத்துக் கடையில் இருக்காது, ஆகவே அதையும் கொண்டுபோங்கள். மாற்ற முடியாவிட்டால் முறிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு கட்டி, இருபக்கமும் உள்ள கம்பிகளை அரைத் திருப்பு தளர்த்தி, சில்லு உரசாதபடி பிரேக்கைத் திறந்துவிட்டு அடுத்த நகரம்வரை மெதுவாக உருட்டலாம்.

ஏற்றமும் இறக்கமும்

முதல் நாள் களனியோடு ஹங்வெல்ல, அவிசாவளை, எட்டியாந்தோட்டை வழியாகக் கித்துல்கலை. 90 கிலோமீற்றர் அளவு. காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் கடுவலை நெரிசலுக்கு முன் தப்பலாம். கித்துல்கலையில் ஆறு அமைதியாகத் தெரியும். ஆனால் மேலே மின்நிலையத்திலிருந்து நீர் திறந்தால் நீர்மட்டம் திடீரென ஏறும். ஊர்க்காரர் குளிக்காத நேரத்தில் நீங்களும் இறங்காதீர்கள்.

இரண்டாம் நாள் தூரம் 40 கிலோமீற்றருக்குள்தான், ஏற்றம் மட்டும் 1,000 மீற்றருக்கு மேல். ஏ7 வீதி குறுகியது; பஸ் வளைவில் முழு வீதியையும் எடுக்கும். வளைவுக்கு முன் ஹோர்ன் கேட்டால் ஓரத்தில் நின்றுவிடுங்கள். ஏற்றம் வேண்டாம் என்பவர் கினிகத்தேனையில் திரும்பி நாவலப்பிட்டிக்கு இறங்கலாம். அல்லது கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் ஹட்டன் போகலாம். சைக்கிளைப் பார்சல் கந்தோரில் முன்கூட்டியே கொடுக்கவேண்டும், அதே ரயிலில் ஏற்றுவார்களா என்று அங்கேயே கேட்டு உறுதி செய்யுங்கள். பம்ப், போத்தல், விளக்கு எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டனிலிருந்து தலவாக்கலை, பூண்டுலோயா, தவலந்தென்ன வழியாக இறங்கினால் கொத்மலை ஓயாவின் பள்ளத்தாக்கு. இந்த ஓயா மகாவலியின் பெரிய கிளை; கம்பளைக்கு மேலே வந்து சேரும். நடுவே புசல்லாவைப் பக்கம் மீண்டும் ஓர் ஏற்றம் உண்டு. இறக்கம்தானே என்று காலைச் சாப்பாட்டை விட்டவர்கள் அங்கே வாடிப்போவார்கள்.

இறக்கத்தில் ஆபத்து பிரேக் சூடுதான். விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் விளிம்பு சூடேறி, உள்ளே காற்று விரிந்து, டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் இரு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். நேர்ப்பாதையில் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று விளிம்புக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள்; தொடாமலே அனல் தெரிந்தால் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். மழை பெய்தால் மணலும் சேறும் கட்டையைத் தின்னும். ஒரே ஈரநாளில் பாதி தேய்ந்துவிடுவதும் உண்டு. இரவில் கட்டையில் பதிந்த கல்துண்டுகளை ஊசியால் கிளறி எடுங்கள்.

கண்டியிலிருந்து மகியங்கனை

இரண்டு வழி. ஏ26 ஹுன்னஸ்கிரி வரை ஏறி, பேர்போன பதினெட்டு வளைவில் இறங்கும். மற்றது விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே அணைகளைத் தொட்டு ஆற்றோடு போகும் வீதி. இரண்டாவதுதான் மகாவலிப் பாதை. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையும், அதன் கீழே மலை இடுக்கில் அடுத்தடுத்து வரும் நீர்த்தேக்கங்களும் அந்த வழியில்தான். ஆனால் அது வனவிலங்குச் சரணாலயத்துக்குள் போகிறது. கடைகள் குறைவு, யானை உண்டு, தொலைபேசி அலை விட்டுவிட்டு வரும். கண்டியிலிருந்து ஆறரைக்கு வெளிக்கிட்டு, பின்னேரம் மூன்றுக்கு முன் ரந்தம்பேயைத் தாண்ட முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் அதில் போங்கள். தாமதமாகிவிட்டால் யோசிக்காமல் ஏ26. அங்கே பஸ் ஓடுகிறது. கால் ஓய்ந்தால் கையைக் காட்டி நிறுத்தலாம்.

யானையும் வெயிலும்

மகியங்கனைக்குக் கீழே வீதி கிட்டத்தட்டச் சமதளம். கிராந்துருகோட்டை, தெஹியத்தகண்டி, அரலகங்வில, மன்னம்பிட்டி என்று மகாவலிக் குடியேற்ற ஊர்கள் வழியாகக் கால்வாயும் வயலுமாகப் போகும். கால் ஓயாது, ஆனால் நேரம் நெருக்கும். வெயிலுக்காக விடியமுன் வெளிக்கிடச் சொல்லும் புத்தி, யானைக்கு அஞ்சி விடிந்த பின் போகச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே காலை ஆறரை முதல் பத்தரை வரையும், பின்னேரம் மூன்று முதல் ஐந்து வரையும்தான் உங்களுக்கு மிச்சம். ஆறு மணிநேரம், 75 கிலோமீற்றர். அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

வாகனத்தின் சத்தம் தூரத்திலேயே யானைக்குக் கேட்கும், சைக்கிள் கேட்காது. திடீரென அருகில் ஆளைக் கண்டால்தான் அது மிரளும். காட்டுத் துண்டு வரும் இடத்தில் முந்திய கடையில் நின்று ‘அலி இன்னவாத?’ (யானை நிற்கிறதா?) என்று சிங்களத்தில் கேளுங்கள். கிடைக்கும் பதிலை நம்புங்கள். சந்தேகம் என்றால் பஸ் அல்லது டிராக்டர் வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள். வீதியில் யானை நின்றால் நூறு மீற்றருக்கு முன்பே நிறுத்தி, சைக்கிளை வந்த பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருங்கள். மணி அடிக்கவோ, படமெடுக்கக் கிட்டப் போகவோ வேண்டாம். பழத்தைப் பையில் வைத்திருக்காதீர்கள். மாம்பழமும் வாழைப்பழமும் வாங்கிய இடத்திலேயே வயிற்றுக்குள் போகட்டும். கூடாரம் அடிப்பது இந்தப் பகுதியில் சரிவராது. விகாரையிலோ தங்குமிடத்திலோ ஐந்து மணிக்குள் இடம் கேட்டுவிடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மார்ச்சில் பெரும்போக அறுவடை முடிந்து வீதியில் நெல் காயும். அதன்மேல் ஏற்றாதீர்கள். மரியாதைக் குறைவு என்பது ஒன்று. நெல்லுக்கடியில் பள்ளம் இருந்தால் தெரியாது என்பது மற்றது. ஓரத்தில் ஒதுங்கினால் நெருஞ்சி முள் காத்திருக்கும். முள் குத்தினால் டியூபை மட்டும் ஒட்டிப் பூட்டாதீர்கள். டயரின் உள்பக்கம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டி முள்ளைத் தேடி எடுக்காவிட்டால் அடுத்த கிலோமீற்றரில் மறுபடியும் காற்றுப் போகும். ஒட்டும் இடத்தை உரசி, சொலூஷனை மெல்லிதாகப் பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை ஐந்து நிமிடம் காயவிட்டுத்தான் ஒட்டுத் துண்டை வைக்கவேண்டும். ஈரமாக வைத்தால் வெயிலில் வழுக்கி நகரும். ஒருமுறை திறந்த சொலூஷன் குழாய் சில வாரத்தில் காய்ந்துவிடும். பயணத்துக்குப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

தண்ணீர் நான்கு லீற்றர் கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். கிராந்துருகோட்டை, பொலன்னறுவைப் பக்கங்கள் சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டவை. ஆகவே கிணற்று நீர் கேட்காமல், ஊர்களில் விற்கும் சுத்திகரித்த ஆர்.ஓ. நீரை நிரப்புங்கள். நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூளான ஜீவனி இரண்டு பொட்டலம் வைத்திருங்கள். தீர்ந்துவிட்டால் ஒரு லீற்றர் நீரில் சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி. தலையிடியோடு வியர்வை நின்றுவிட்டால் ஓட்டம் அன்றைக்கு முடிந்தது: நிழலில் படுத்து, உடம்பில் நீரூற்றி, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கட்டணம் இல்லை. இடம் சொல்ல வீதி இலக்கமும் கடைசியாகப் பார்த்த கிலோமீற்றர் கல்லும் உதவும்.

ஆற்றில் குளிக்க ஆசைப்பட்டால் ஊரார் குளிக்கும் துறையில் மட்டும். கீழ் மகாவலியில் முதலை உண்டு.

மன்னம்பிட்டிக்குப் பிறகு

மன்னம்பிட்டிப் பாலத்தில் ஆற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புப் பாலத்தில் ரயிலும் வாகனமும் ஒரே தளத்தில் போனது. இப்போது வீதிக்குத் தனிப் பாலம் இருக்கிறது. இதற்கு வடக்கே ஆறு சோமாவதி தேசிய பூங்காவுக்குள் நுழைகிறது. அங்கே சைக்கிளுக்கு வழியில்லை. அதனால் ஏ11 வழியாக வெலிக்கந்தை, திருக்கொண்டியாமடு போய், ஏ15இல் வடக்கே திரும்பவேண்டும். வெலிக்கந்தைத் துண்டு யானை நடமாட்டம் உள்ளது. காலை முதல் வேலையாக அதை முடிக்காதீர்கள், ஏழு மணி கழியட்டும்.

வாகரையில் ஓர் இரவு. மறுநாள் 70 கிலோமீற்றர் அளவு. வெருகலில் மறுபடியும் மகாவலி வருகிறது: வெருகலாறு அதன் கிளைதான். சித்திர வேலாயுதர் கோயிலடியில் நிழலும் தண்ணீரும் உண்டு. பிறகு மூதூர், அடுத்து மகாவலியைக் கடக்கும் கங்கைப் பாலம், கடைசியில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம். பாலங்களின் மேல் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும். பக்கப் பை உள்ள சைக்கிளை அது நடுவீதிக்குத் தள்ளும். இரு கையாலும் ஹேண்டிலைப் பிடியுங்கள்.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு ரயில் உண்டு. சைக்கிளை அன்று மத்தியானமே பார்சலில் கொடுங்கள். கொடுக்குமுன் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். ஏ15இன் உப்புக்காற்றும் மணலும் செயினில் இரண்டு நாள் இருந்தாலே துரு ஏறிவிடும்.