நடந்தும் சி.ஆர்.பி குறையவில்லையா? ரிப்போர்ட்டைப் படிப்பதில் நேரும் தவறுகள்

சிலர் மூன்று மாதம் விடாமல் நடந்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போகிறார்கள். உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி அளவு இம்மிகூட அசைந்திருக்காது. "கூட நடந்தவருக்கு நன்றாகக் குறைந்துவிட்டதே, எனக்கு ஒத்துவராது போல" என்று நடப்பதையே விட்டுவிடுகிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது. ஒரே பயிற்சி இரண்டு பேருடைய இரத்தத்தில் இரண்டு விதமாகத் தெரிவது சாதாரணமான விஷயம்.

முதல் தவறு, எங்கிருந்து தொடங்கினோம் என்று பார்க்காமல் அடுத்தவரோடு ஒப்பிடுவது. ஹெச்.எஸ்-சி.ஆர்.பி (சிறிய அளவையும் நுட்பமாகக் காட்டும் சி.ஆர்.பி பரிசோதனை) லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்பது வழக்கமான கணக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஹெரிடேஜ் குடும்ப ஆய்வில், உடலுழைப்பு இல்லாதவர்களை 20 வாரம், வாரத்துக்கு 3 நாள் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். 3க்கு மேல் இருந்தவர்களுக்குச் சராசரியாக 1 மில்லிகிராமுக்கு மேல் இறங்கியது. ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. 0.8-இல் இருப்பவருக்கு இதற்கு மேல் எங்கே குறைவது? அதே ஆய்வில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சிலருக்கு ஏறவே இல்லை, சிலருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஏறியது. இந்த வித்தியாசத்தில் கிட்டத்தட்ட பாதி குடும்பவழி வருவது என்று கணக்கிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு நாள் உச்சத்தில் பிடிபட்ட எண், ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் இறங்கிவிடும். அதனால் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் சரி. 10க்கு மேல் காட்டினால் சளி, காய்ச்சல், பல் ஈறு வீக்கம் என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கலாம். அது தணிந்த பிறகு மறுபடி பாருங்கள்.

தொப்பையைக் கணக்கில் எடுக்காமல் விடுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அழற்சிப் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. சி.ஆர்.பி உயர்ந்திருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நான்கு மாதம் நடத்திய ஒரு ஆய்வில், பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எடை குறைந்தவர்களுக்கே சி.ஆர்.பி குறைந்தது. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஒரே பி.எம்.ஐ-யில் (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) ஐரோப்பியர்களைவிட உடல் கொழுப்பு அதிகம், அழற்சியை அடக்கும் அடிபோனெக்டின் குறைவு. எடை மெஷின் ஒல்லி என்று சொன்னாலும் ஒரு டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை.

மாத்திரைகளை மறந்துவிடுவதும் நடக்கிறது. கருத்தடை மாத்திரை சி.ஆர்.பி-யை ஏற்றும். கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் இறக்கும். நடுவில் இவற்றைத் தொடங்கியோ நிறுத்தியோ இருந்தால், மாற்றத்தை நடையின் கணக்கில் எழுத முடியாது.

அப்புறம், கடுமையாக ஓடிய மறுநாளே பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பது. வேலை செய்யும் தசையே, அழற்சியின்போது ஏறும் ஐ.எல்-6 என்ற பொருளை இரத்தத்தில் விடுகிறது என்று கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழுவினர் 2000-இல் காட்டினார்கள். மாரத்தான் முடிவில் அது நூறு மடங்குவரைகூட ஏறலாம். தொற்றுநோயில் ஐ.எல்-6 ஏறுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கண்டு பயந்துவிடுவார்கள். ஆனால் தசையிலிருந்து வரும் ஐ.எல்-6, அழற்சியைத் தணிக்கும் ஐ.எல்-10, ஐ.எல்-1ஆர்.ஏ ஆகியவற்றைக் கூட்டி, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப்-ஐ அடக்குகிறது. அதற்காக ஏற்றம் அதிகமானால் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாகப் பழகிய தசை அதே வேலைக்குக் குறைவாகத்தான் விடும். தசையில் சர்க்கரை இருப்பு குறைந்திருந்தால் அதிகமாக விடும். ஓடும்போது குளுக்கோஸ் பானம் குடித்தாலே ஏற்றம் குறைந்துவிடும். மாரத்தானுக்கு மறுநாள் சி.ஆர்.பி-யும் உயர்ந்தே இருக்கும், சில நாள் பொறுத்து எடுங்கள்.

மூட்டு அழற்சிக்கு டோசிலிசுமாப் என்ற மருந்தைப் போட்டுக்கொள்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐ.எல்-6 சொல்லித்தான் கல்லீரல் சி.ஆர்.பி-யைத் தயாரிக்கிறது, இந்த மருந்து அந்த வழியையே அடைக்கிறது. ஆகவே நடந்தாலும் நடக்காவிட்டாலும் சி.ஆர்.பி தாழ்வாகத்தான் தெரியும். தொப்பை உள்ளவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்து 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்த, 2019-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு பயிற்சியால் குறையவில்லை. இதைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், மூட்டு கெட்டுப்போகும். பயிற்சி உதவுகிறதா என்று பார்க்க எத்தனை தூரம் மூச்சு வாங்காமல் நடக்கிறீர்கள், காலையில் விரல்களை மடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.